கள்ளிக்குப்பத்திலிருந்து பூந்தமல்லி வரை, ஒரு வேகமான குட்டிக் காரைத் தேடி

குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவளுக்கு வேகமான கார் எதற்கு?

என் மாமியார் இதைக் கேட்டபோது கையில் சட்னிக் கரண்டியோடு நின்றிருந்தார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சும்மாதான் அத்தை" என்று அப்போதைக்குச் சமாளித்தேன். அதன் பிறகு நான்கு நாட்கள் ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு, பூந்தமல்லி என்று சுற்றி, விதவிதமான கார்களில் ஏறி இறங்கியாகிவிட்டது. ஒரே வரியில் சொல்லும்படியான பதில் இன்னும் கிடைக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்காவது பிடிபடுகிறதா பாருங்கள்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃபிளாட்டில் இப்போது மூன்று பேர்: நான், நான்கு வயது மித்ரா, அத்தை. கணவர் கார்த்திக் கம்பெனி வேலையாகப் போலந்து போயிருக்கிறார். மித்ராவுக்கு வீசிங் உண்டு. பனி, புகை, பக்கத்து மனையில் கலக்கும் சிமெண்ட், எது வேண்டுமானாலும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் கொரட்டூரில் இருக்கும் குழந்தைகள் டாக்டரிடம் ஓட வேண்டும். நான் ஓட்டுவேன். அத்தை பின்சீட்டில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே வருவார். அந்தக் கை பின்னால் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் என் கண்ணுக்குச் சாலை தெரியும்.

இருந்த கார் பழைய ஹேட்ச்பேக். அதாவது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டிக்கி இல்லாமல், கண்ணாடியோடு சேர்ந்து கதவு மேலே திறக்கும் குட்டிக் கார். போன மாதம் ஒரு மாலை, தூறலில், கிளட்ச் தேய்ந்துபோய் கொரட்டூர் போகும் வழியில் நின்றுவிட்டது. மிதித்தால் சத்தம் வருகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னாக்கா, நட்ட நடு ரோட்ல வூடு கட்டிகினு கீற?" என்று ஆரம்பித்தவர், பின்சீட்டைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "பாப்பாவத் தூக்கு மொதல்ல. வண்டி எங்கியும் பூடாது."

அவர் ஆட்டோவில்தான் போய்ச் சேர்ந்தோம். மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் வைத்ததும் மித்ரா தெளிந்துவிட்டாள். நான் தெளிய நாளாயிற்று.

கிளட்ச் மாற்றியாயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்மா" என்றார் மெக்கானிக். கொஞ்ச நாளை நம்பிக் குழந்தையை ஏற்ற முடியாது. புதுக் கார் வாங்குவது என்பதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எது என்பதில்தான் தகராறு. உயரமான பெரிய எஸ்யூவி என்றார் அத்தை. மிதித்ததும் சட்டென்று வேகமெடுக்கும் டர்போ இன்ஜின் போட்ட ஹேட்ச்பேக் என்றேன் நான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தெரு முனையில் ஹாரன் அடிக்கவே யோசிக்கிறவள் நான்.

வெள்ளிக்கிழமை ஆவடிக்குப் போனோம். மாமா அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அதனால் அத்தைக்குக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை முப்பது வருடப் பழக்கம். ஆவடி எல்லைக்குள் நுழைந்ததும் அவர் குரல் ஒரு சுற்று பெருத்துவிடும். ஷோரூமில் எஸ்யூவியின் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டின்னா இது வண்டி. பஸ்ஸுல முன் சீட்டு கெடச்ச மாதிரி இருக்கு புவனா."

நான் ஓட்டிப் பார்த்தேன். சொகுசுதான். ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டி முன்னும் பின்னும் தொட்டில் மாதிரி ஆடியது. இரண்டாவது திருப்பத்தில், காலையில் சாப்பிட்ட ரவா கேசரி முழுவதையும் மித்ரா பின்சீட்டில் கக்கிவிட்டாள்.

"பரவால்ல மேடம், டெமோ வண்டிதான்" என்றார் விற்பனைக்காரர். முகம் வேறு சொன்னது. என் துப்பட்டாவை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தள்ளி நின்று போனில் தெலுங்கில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "பெரியம்மா மனசால வாங்கிட்டாங்க. மருமகதான் சுடுதண்ணிய மிதிச்ச மாதிரி நிக்கறாங்க. பெரியம்மாவப் பிடிச்சாப் போதும்."

எனக்குத் திருத்தணிப் பக்கம், தெலுங்கு நன்றாகப் புரியும். கிளம்பும்போது தெலுங்கிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார் பாவம்.

மார்க்கெட் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாங்கி, காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கார்த்திக் வீடியோவில் வந்தார்.

"இங்க பாதி குடும்பம் குட்டிக் கார்தான் புவி. பின்சீட்ட மடிச்சிட்டு சைக்கிளையே உள்ள தள்ளிடறாங்க. ரோட்ல பாத்தா பிச்சுக்கிட்டுப் போறாங்க" என்றார்.

அத்தை போனை வாங்கினார். "ஏன்டா, அங்க ஐப்பசில தெருவுல முட்டிக்கால் தண்ணி நிக்குதா?"

கார்த்திக் பேச்சை மாற்றி, பஜ்ஜிக்குச் சட்னி உண்டா என்று கேட்டார். அத்தை சொன்னது நியாயம்தான். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் கார் வாங்கும்போது இன்ஜினை அப்புறம்தான் கேட்பார்கள், முதலில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பார்கள். அன்று திரும்பும்போது, நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனோ என்று தோன்றியது.

சனிக்கிழமை அம்பத்தூர். நான் கேட்ட கார் ஷோரூமின் கடைசியில், தண்ணீர் கேன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றது. நடுக்கூடத்தில் பெரிய வண்டிகள் மாலையும் ரிப்பனுமாக நின்றன. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்தவனை ஓரமாக நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"உண்மையச் சொல்லட்டுமாக்கா?" என்றாள் விற்பனைப் பெண். "இத யாரும் கேட்டு வர்றதில்ல. எல்லாரும் ஒசரம் கேக்கறாங்க. டர்போ வேணும், கியர் கையால போடணும்னா ஆர்டர் குடுத்துக் காத்திருக்கணும். கொஞ்ச நாள்ல நிறுத்திடுவாங்கன்னு கூடப் பேச்சு."

"உனக்கு எது பிடிக்கும்?"

"எனக்கு ஸ்கூட்டிக்கா. சந்துல போலாம்."

நான் வீட்டிலிருந்தே சாமான் கொண்டுபோயிருந்தேன். மித்ராவின் சைக்கிள், நெபுலைசர் பை, ஒரு அரிசி மூட்டை. பின்சீட்டில் ஒரு பாதியை மட்டும் மடித்தேன். மறுபாதியில் மித்ராவின் குழந்தை சீட்டு. பின்கதவைத் தூக்கியதும் எல்லாம் உள்ளே போனது, அத்தைக்கு முன்சீட்டும் மிச்சம். அரிசி மூட்டையோடு கார் பார்க்க வந்தவளை அந்த ஷோரூம் அதற்கு முன் பார்த்திருக்காது போல. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

பிறகு டர்போ டெமோ காரில் பைபாஸ். அதில் நுழையும் இடம்தான் எனக்கு எப்போதும் பயம். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் நாம் சேர்ந்துகொள்ள வேண்டும். பழைய காரில் இன்ஜின் யோசித்து முடிப்பதற்குள் இடைவெளி மூடிவிடும். நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் டயர்களைப் பார்த்தபடி கந்த சஷ்டி சொல்லிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். இந்தக் கார் மிதித்ததும் போனது. லாரி பின்னால் தங்கிவிட்டது. நான் என் பாதையில் இருந்தேன், என்னைச் சுற்றி இடம் இருந்தது. உடனே காலை எடுத்துவிட்டேன். மற்ற நேரம் முழுக்க எல்லோரையும் போல நிதானமாகத்தான் ஓட்டினேன்.

"அம்மா, இன்னொரு வாட்டி!" என்றாள் மித்ரா. வாந்தி இல்லை. தாழ்வான வண்டி, அதிகம் ஆடவில்லை.

அந்த வேகம் எனக்குத் தப்பிப்பதற்கு வேண்டும். மூச்சு இழுக்கிற குழந்தையோடு லாரிகளுக்கு நடுவில் நிற்காமல் வெளியே வர வேண்டும். இதை அத்தையிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் தடுத்தது வேறொன்று. லாரி பின்னால் போன அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மித்ராவுக்காகக் கேட்கிறேனா, எனக்காகக் கேட்கிறேனா? சந்தோஷமும் சேர்ந்து வந்துவிட்டால் தேவை பொய்யாகிவிடுமா? இரண்டு நாள் இதையே அரைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் அத்தையிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு. கருமாரி சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றது அத்தைதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் முன்னால் வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் மனதில் நினைத்தது நடக்கும், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். சண்டை இல்லாமல் முடியும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் புதுக் கார்களுக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வரிசையாக நின்றவை எல்லாம் உயரமான வண்டிகள். ஊரே ஒரு பக்கம் போகும்போது நான் மட்டும் ஏன் இந்தப் பக்கம் பார்க்கிறேன்?

கண்ணை மூடிக் கும்பிட்டோம். மித்ரா ஒரு பொட்டலத்தை எடுத்து, எங்களிடம் கொடுக்காமல் தானே பிரித்தாள். வெள்ளை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவருக்குப் பெரிய மனது, உடனே ஒத்துக்கொண்டாரே என்று நினைத்தேன். அவரைப் பிடித்து நிறுத்தி ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துவிட்டேன்.

அங்கிருந்து பூந்தமல்லி. மின்சார ஹேட்ச்பேக் ஒன்றையும் பார்த்துவிட ஆசை. பழைய கார் மாதிரி உறுமவே இல்லை, மிதித்ததும் வழுக்கிக்கொண்டு போனது. வேகமான குட்டிக் கார்களுக்கு இனிமேல் இதுதான் வழி என்று தோன்றியது. பெட்ரோலில் நிறுத்திவிட்டாலும் இந்த உருவத்தில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் ஃபிளாட்டில் சார்ஜ் போட இடம் கேட்டதற்கு, குடியிருப்போர் சங்கத்தில் பேசலாம் என்றார் அதன் செயலாளர். தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கும் அவர் அதைத்தான் சொல்வார். மித்ராவின் மூச்சு அதுவரை காத்திருக்காது.

ஓட்டலில் பொடி தோசை சொல்லிவிட்டு மித்ராவைக் கை கழுவக் கூட்டிப் போனேன். திரும்பும்போது அத்தை போனில் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆத்தாளே சொல்லிட்டாடா. பெரிய வண்டிதான். புவனாவும் மறுபேச்சு பேசல, தங்கமான பொண்ணு. பூ வாங்கி வெச்சு விட்டா."

மனதில் நினைத்தது என்றால் யார் மனதில் நினைத்தது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் அவருடைய காரை நினைத்தார், நான் என்னுடையதை நினைத்தேன். அம்மன் இருவருக்கும் வெள்ளையைக் கொடுத்துவிட்டாள்.

"அத்தை, நான் சின்ன வண்டியத்தான் நெனச்சேன்."

அவர் போனை வைத்தார். தோசை வந்தது. யாரும் தொடவில்லை.

"திரும்பப் போய்ப் போட்டுப் பாக்கலாமா?" என்றார்.

"வேணாம் அத்தை. ஆத்தா திட்டுவா. நாமளே பேசுவோம். ஒங்களுக்கு ஏன் அந்த வண்டிதான் வேணும்? தண்ணின்னு சொல்லாதீங்க. முட்டிக்கால் தண்ணில எந்த வண்டியையும் நான் எடுக்கப் போறதில்ல."

தோசையை விண்டு மித்ரா வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"சின்ன வண்டில உக்காந்தா எழுந்திருக்க முடியல புவனா. முட்டி பிடிச்சுக்குது. அன்னிக்கி ஆட்டோக்காரன் பாப்பாவத் தூக்கச் சொன்னான். நீ தூக்கிட்டு ஓடிட்ட. நான் உள்ளயே கெடந்தேன். அவன்தான் வந்து ரெண்டு கையும் பிடிச்சு இழுத்தான். 'வா கண்ணு, மெதுவா'ன்னு கொழந்தகிட்ட பேசற மாதிரி பேசறான். இன்னொரு வாட்டி அப்படி ஆனா? நான் எழுந்திருக்கற வரைக்கும் பாப்பா காத்திருப்பாளா?"

நான் அவர் முட்டியைப் பற்றி மாத்திரை வாங்கித் தரும் அளவுக்குத்தான் யோசித்திருந்தேன். ஆவடியில் அவர் ஒரே மூச்சில் ஏறியதைக் கௌரவ ஆசை என்று நினைத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே பயம். அந்தப் பயம் அவரை உயரமான வண்டியிடம் கூட்டிப்போனது, என்னை வேகமான வண்டியிடம் கூட்டிவந்திருக்கிறது. ஆறிப்போன தோசையைப் பிட்டு ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

திங்கட்கிழமை நானே ஆவடிக்குப் போன் செய்து, அந்த எஸ்யூவியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அத்தைக்கு அதுதான் சரி என்றால் அதையே வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். நல்ல ரோட்டில் ஓட்டிப் பார்த்து என்ன பயன்? கார் வாழப்போவது எங்கள் தெருவில்.

தெரு முனையில் டிரான்ஸ்பார்மருக்கும் ஓரமாக நின்ற பைக்குகளுக்கும் நடுவில் விற்பனைக்காரர் முன்னும் பின்னுமாக அல்லாடினார். எங்கள் வாட்ச்மேன் வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், கல்யாண மண்டபத்தையே ஓட்டிகினு வந்துட்டீங்க?"

ஒருவழியாகக் கீழ்த்தளத்துப் பார்க்கிங்குக்குள் வந்தது. எங்கள் இடம் இரண்டு தூண்களுக்கு நடுவில். கார் உள்ளே கச்சிதமாக நுழைந்தது. வாசலிலேயே ஏறி உட்கார்ந்திருந்த அத்தை கதவைத் திறந்தார். ஒரு சாண் திறந்து, தூணில் இடித்து நின்றது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. வண்டியை வெளியே எடுத்துத்தான் அவரை இறக்க முடிந்தது. வெளியே என்றால் தெரு, மழை வந்தால் மழையில்.

"இடத்த அளந்துதானேம்மா சொன்னீங்க?" என்றார் விற்பனைக்காரர்.

அளந்தேன். கதவை மூடிய காரைத்தான் அளந்தேன். ஃபிளாட்டில் இருக்கிற பலரும் செய்கிற தப்பு இது. எதிர் பிளாக்கில் ஒருவர் தினமும் பின்கதவு வழியாக ஊர்ந்து வெளியே வருகிறார், நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அவரை அனுப்பிவிட்டு, பழைய ஹேட்ச்பேக்கை அதே இடத்தில் நிறுத்தினேன். நான் கேட்கிற புதுக் காரும் ஏறக்குறைய இதே அகலம். கதவு நன்றாகத் திறந்தது. அத்தை தூணையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. சின்னதே வாங்கு" என்றார். "ஆனா என்னை ஏத்திட்டுப் போலாம்னு நம்பி இருக்காத. நான் ஊட்லயே இருக்கேன்."

"நீங்க பின்னாடி இல்லாம நான் வண்டிய எடுக்கவே மாட்டேன்."

"அப்ப நான் எழுந்திருக்கறதுக்கு ஒரு வழி பண்ணு."

பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹேட்ச்பேக்குக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. டர்போ, கியர் கையால் போடுவது. வண்டி வரச் சில வாரம் ஆகும். எந்த இன்ஜினாக இருந்தாலும், வீட்டு வாசலில் அத்தை ஏறுவதற்கும் டாக்டர் வாசலில் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தை அது மிச்சப்படுத்தித் தராது. அந்த நேரத்தைத்தான் இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறோம். தினமும் மாலையில் பழைய காரில் பயிற்சி. முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புகிறார். வழுக்குவதற்காகச் சீட்டின் மேல் ஒரு துணிக்கடைப் பையைப் போட்டோம். ஏறுவது சுலபமாகிவிட்டது. நேற்று பையோடு சேர்ந்து அத்தையும் சீட்டின் மறுகோடிக்கு வழுக்கிப் போய், மித்ரா கை தட்டி, மூவரும் சிரித்து ஓய நேரமாயிற்று. இறங்குவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. பின்சீட்டில் காலைத் திருப்ப இடம் குறைவு. கதவின் மேல் மாட்டும் கைப்பிடி ஒன்று விற்கிறதாம், அவர் எடையைத் தாங்குமா தெரியவில்லை. சீட்டில் தடிமனான மெத்தை போட்டு உயர்த்தினால் சீட் பெல்ட் சரியாக உட்காருமா என்று பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் முட்டி வலிக்காரர்கள் தாழ்வான காரில் எப்படி ஏறி இறங்குகிறார்கள்? அவசரத்தில், கையில் ஒரு குழந்தையும் இருக்கும்போது? எது உதவியது, எது வீண் செலவு என்று தயவுசெய்து எழுதுங்கள், ஒவ்வொன்றையும் மாலையில் செய்து பார்த்துவிடுவோம். பெரிய வண்டியாக வாங்கிவிடுங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நாங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து பார்த்துவிட்டோம்.